திரைப்படத்தில் அச்சமும் இசையும்

அச்சம் நம்மை வந்தடைவது கண்ணின் வழியாகவா, காதின் வழியாகவா என்று கேட்டால், பெரும்பாலோர் கண்ணின் வழியாகவே என்று விடை கூறுவர். ஆயினும் திகிலூட்டும் படம் ஒன்று நடக்கும் கொட்டகைக்குள் சற்று நோட்டம் விட்டால் அவ்விடை ஐயத்துக்கு இடமாகும். அஞ்சியவர் கண்களை மூடிக்கொள்கிறார். இமை என்னும் கதவு அதற்கென்றே அமைந்திருக்கிறது. காதுக்கு அத்தகைய கதவு இல்லை. இரு கைகளாலும் முகத்தை மறைத்துக்கொண்டு அமர்ந்திருப்பவரும், திரையில் நிகழ்வது இன்னதென்று ஓசையால் அறிந்துகொண்டேதான் இருக்கிறார். காணாமல் கேட்பதனால் அவருடைய அச்சம் குறைவதில்லை. பல வேளைகளில் மிகுந்துவிடுகிறது. முகம் காணாது குரல் மட்டும் கேட்டுப் பழகிய வானொலி நேயர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

அச்சத்தை ஒரு சுவையாகக் கொண்டு ஆராய்ந்தவர் நம் முன்னோர். தொல்காப்பியம் மெய்ப்பாடுகள் எட்டனுள் அச்சத்தையும் ஒன்றாக வைத்து, அது பிறக்கும் இடங்கள் நான்கு என வகுக்கிறது: அணங்கு, விலங்கு, கள்வர், இறை. திகில் படங்கள் என்று இன்று வழங்குவனவற்றுள் மிகப் பலவும் இந்நான்கில் முதல் மூன்றனுள் அடங்கிவிடும். ஆவியும் பேயும் அணங்கு. சுறாவும் பறவைக் கூட்டமும் விலங்கு. கத்தியோடு வரும் கொலைஞன் கள்வருக்கு இனமானவன். இவற்றைத் திரையில் காட்டுவதற்கு வேடமும் பொம்மையும் தந்திரக் காட்சிகளும் வேண்டும். இசையோ அவற்றைக் காட்டாமலே வரவழைத்துவிடுகிறது.

அஃது எவ்வாறு இயல்கிறது? செவிக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரு சுரம் ஒலித்தவுடன் அடுத்த சுரத்தையும், ஓர் அடி விழுந்தவுடன் அடுத்த அடியையும் அது எதிர்நோக்கி நிற்கும். அந்தப் பழக்கத்தை நன்கறிந்து, அதனைச் சிறிதளவே கலைத்தவர்கள் அச்ச இசையில் வெற்றி கண்டனர். பேரோசையை மட்டும் நம்பியவர்களின் முயற்சி படம் முடிந்தவுடன் மறக்கப்பட்டது. இவ்வுண்மையைச் சில படங்களின் வரலாறு கொண்டு காண்போம்.

ஊமைப் படக் காலத்தில் இசை படச்சுருளில் பதிந்திருக்கவில்லை. கொட்டகையில் கலைஞர்கள் உடனிருந்து வாசித்தனர். 1922-ஆம் ஆண்டு ஜெர்மனியில் முர்னாவ் எடுத்த 'நோஸ்ஃபெராட்டு' என்னும் இரத்தக் காட்டேரிப் படத்துக்கு ஹான்ஸ் எர்ட்மன் என்பவர் தனியே இசை எழுதினார். படச்சுருள் பிழைத்தது, அவ்விசை ஏடுகளிற் பெரும்பகுதி பின்னர் மறைந்து போயிற்று. பேசும் படம் தோன்றியபோது இசை பெருகியிருக்கும் என்று நாம் எண்ணக்கூடும். நிகழ்ந்தது இதற்கு மாறானது. 1931-இல் அமெரிக்காவில் வெளிவந்த 'டிராகுலா'வில், தொடக்கத்தில் பெயர்கள் வரும்போது சைக்காவ்ஸ்கியின் 'அன்னப் பறவை ஏரி' நாட்டிய இசையின் ஒரு பகுதி ஒலிக்கிறது. அதன்பின் பெரும்பாலும் இசையே இல்லை. கதையில் வாத்தியக்காரர் எவரும் இல்லாதபோது இசை எங்கிருந்து வருகிறது என்று மக்கள் ஐயுறுவர் எனப் படமெடுப்போர் பலர் அக்காலத்தில் கருதினர்.

இக்கருத்தைத் தகர்த்த படங்களுள் முதன்மையானது 1933-இல் வந்த 'கிங் காங்'. அதில் மாபெரும் குரங்காகத் தோன்றுவது, பல காட்சிகளில், ஏறக்குறைய ஒன்றரை அடி உயரமுள்ள ஒரு பொம்மைதான். அதனைச் சிறிது சிறிதாக அசைத்து ஒவ்வொரு படமாக எடுத்துச் சேர்த்தனர். வியன்னாவில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த மாக்ஸ் ஸ்டைனர், அப்பொம்மையின் ஒவ்வோர் அடிக்கும் கனத்த இசை அமைத்தார். கண்ணுக்குப் பொம்மையாய் இருந்ததற்குப் பருமையைத் தந்தது செவிதான். படத்துக்கென்றே முழுமையாக இசை எழுதும் வழக்கம் ஹாலிவுட்டில் வேரூன்றுவதற்கு இப்படம் பெருந்துணை புரிந்தது.

இதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னர், பின்னணி இசை சிறிதும் இன்றியே அச்சமூட்ட இயலும் என்று காட்டியவர் ஃபிரிட்ஸ் லாங். 1931-இல் ஜெர்மனியில் அவர் எடுத்த 'எம்' என்னும் படம், குழந்தைகளைக் கவர்ந்து சென்று கொல்லும் ஒருவனைப் பற்றியது. அவன் சீட்டியடிக்கும் ஒரு மெட்டே படத்தின் இசை. நார்வே நாட்டு இசைமேதை கிரீக், இப்சனின் 'பியர் கிண்ட்' நாடகம் 1876-இல் மேடையேறியபோது அதற்கு அமைத்த இசையில் ஒரு பகுதி அது. தொடக்கத்தில் மெல்ல ஒலித்து, வரவர விரைவு கொள்ளும் மெட்டு. கொலைஞனாக நடித்த பீட்டர் லோரிக்குச் சீட்டியடிக்க வராமையால், இயக்குநர் லாங்கே அதனை அடித்துக் கொடுத்தார் என்பர். குழந்தைக்குப் பலூன் வாங்கித் தரும்போது அவன் அம்மெட்டைச் சீட்டியடிக்கிறான். பலூன் விற்பவர் பார்வையற்றவர். நகரக் காவலர் அனைவரும் தேடியும் அகப்படாத அக்கொலைஞனைப் பின்னொரு நாள் அதே மெட்டைக் கேட்டு அடையாளம் காண்பவர் அவரே. குழந்தைகளும் முணுமுணுக்கக்கூடிய எளிய மெட்டு அது. தனக்கு இனிதாகப் பழகிய ஒன்று தீமையின் அடையாளமாக மாறிவிட்டதை உணரும்போது, படம் பார்ப்பவர் செவியே அவரை நடுங்கச் செய்கிறது.

அடுத்து, 1960-ஆம் ஆண்டுக்கு வருவோம். ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் எடுத்த 'சைக்கோ' பெருஞ்செலவில் எடுக்கப்பட்ட படமன்று. வண்ணப் படங்கள் பெருகிவிட்ட அக்காலத்தில் அதனைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தார். இசையமைத்த பெர்னார்ட் ஹெர்மனும் ஒரு சிக்கனத்தை மேற்கொண்டார். மேனாட்டு வாத்தியக் குழுவில் திகிலுக்கென்று வழக்கமாகப் பயன்பட்டவை பித்தளை ஊதுகருவிகளும் முரசுகளுமே. அவற்றையும் மரத்தாலான ஊதுகருவிகளையும் ஒருங்கே விலக்கி, வயலின் குடும்பத்தைச் சேர்ந்த நரம்புக் கருவிகளை மட்டும் அவர் வைத்துக்கொண்டார். கறுப்பு வெள்ளைப் படத்துக்கு இசையும் கறுப்பு வெள்ளையாகவே அமைய வேண்டும் என்பது அவர் எண்ணம்.

அப்படத்தின் குளியலறைக் கொலைக்காட்சி உலகறிந்தது. அக்காட்சிக்கு இசையே வேண்டாம், நீர் விழும் ஓசையும் அலறலும் போதும் என்று ஹிட்ச்காக் கூறியிருந்தார். ஹெர்மன் அச்சொல்லை மீறி இசை எழுதினார். கேட்ட ஹிட்ச்காக் தம் கருத்தை மாற்றிக்கொண்டார். படத்தின் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்கு இசையால் வந்தது என்று பின்னர் அவரே ஒப்புக்கொண்டதாகக் கூறுவர். அந்த இசையின் நுட்பம் எளியது. வயலினின் குதிரையில் ஒரு சிறு கட்டையைப் பொருத்தினால் அதன் ஒலி தணிந்து மங்கலாகும். படம் முழுவதும் அவ்வாறு தணித்தே வாசிக்கும்படி ஹெர்மன் எழுதியிருந்தார். கொலைக்காட்சியில் மட்டும் அக்கட்டையை நீக்கச் செய்தார். அதுவரை அடங்கி ஒலித்த அதே கருவிகள், மிக உச்சமான சுரத்தில், ஒன்றன்பின் ஒன்றாகக் கூர்மையாகக் கீச்சிட்டன. நம் கச்சேரி மேடையில் பாடுவோரின் குரலை நிழல்போல் தொடர்ந்து குழையும் கருவி வயலின். மேனாட்டுப் படங்களிலும் காதலுக்கும் இரக்கத்துக்கும் அதுவே உரியதாய் இருந்தது. அத்தகைய கருவி கத்தியாக மாறும் என்று செவி எதிர்நோக்கவில்லை. அதனாலேயே அது செவியில் ஆழ இறங்கிற்று.

மூன்று ஆண்டுகள் கழித்து, 1963-இல், இதே ஹிட்ச்காக் 'பறவைகள்' என்னும் படத்தில் பின்னணி இசையை அறவே நீக்கினார். பறவைகளின் கூச்சலும் சிறகொலியும், பெர்லினில் ஆஸ்கார் சாலா என்பவர் 'டிரௌடோனியம்' என்ற மின்கருவியில் உண்டாக்கிய ஓசைகளும் இயற்கை ஒலிகளுடன் கலந்து அமைந்தன. ஒலிக்கு ஆலோசகராக இருந்தவர் ஹெர்மனே. எது பறவை, எது கருவி என்று பிரித்தறிய முடியாத நிலையில் செவி திகைத்து நிற்கிறது. படத்தில் இசை இருக்கும் என்னும் பழக்கமும் கலைக்கத்தக்கதே என்பதற்கு இப்படம் சான்று.

செவிக்குப் புதிய பழக்கம் ஒன்றைக் கற்பித்துப் பின்னர் அதனைக் கொண்டு அச்சுறுத்துவது மற்றொரு முறை. 1975-இல் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் எடுத்த 'ஜாஸ்' என்னும் சுறாப் படத்தில் ஜான் வில்லியம்ஸ் கையாண்டது அம்முறையே. இயந்திரச் சுறா கடல்நீரில் அடிக்கடி பழுதுபட்டமையால் அதனை அதிகம் காட்ட இயலவில்லை. அதன் வருகையை அறிவிக்கும் பணி இசையின்பால் விழுந்தது. வில்லியம்ஸ் பியானோவில் அடுத்தடுத்த இரண்டு சுரங்களை மட்டும் வாசித்துக் காட்டியபோது, அவர் விளையாடுகிறார் என்று எண்ணி ஸ்பீல்பெர்க் சிரித்தாராம். தாழ்ந்த நரம்புக் கருவிகளில் அவ்விரு சுரங்களும் மெல்லத் தொடங்கி, நெருங்கி, விரைந்து ஒலித்தபோது உலகம் கடலில் இறங்க அஞ்சியது. அவ்விசை ஆஸ்கார் பரிசும் பெற்றது.

இப்படத்தில் இசையின் நேர்மை கருதத்தக்கது. இரண்டு சிறுவர்கள் அட்டையால் செய்த சுறாத் துடுப்பை நீரில் மிதக்கவிட்டு மக்களை ஏமாற்றும் காட்சி ஒன்று உண்டு. திரையிலுள்ளோர் அலறி ஓடுகின்றனர், இசையோ ஒலிப்பதில்லை. உன்னிப்பாகக் கேட்பவருக்கு அது பொய்ச்சுறா என்று விளங்கிவிடும். இசை ஒலித்தால் சுறா உண்டு, ஒலிக்காவிடில் இல்லை என்று செவி நம்பத் தொடங்குகிறது. இந்நம்பிக்கை வேரூன்றிய பின்னர், ஒரு காட்சியில், எவ்வகை இசை முன்னறிவிப்புமின்றிச் சுறா நீரிலிருந்து தலைதூக்குகிறது. கொட்டகையில் இருந்தோர் துள்ளி எழுந்ததற்குக் காரணம் அந்த அமைதியே.

இனி ஹாலோவீன் படத்துக்கு வருவோம். நவம்பர் 1-ஆம் நாள் கிறிஸ்தவர்களுக்கு அனைத்துப் புனிதர் திருநாள். அதற்கு முந்திய இரவே ஹாலோவீன். அமெரிக்காவில் அன்று பூசணிக்காயைக் குடைந்து, கண்ணும் வாயும் செதுக்கி, உள்ளே விளக்கேற்றி வாயிலில் வைப்பர். சிறுவர்கள் பேய் வேடம் பூண்டு வீடு வீடாகச் சென்று மிட்டாய் பெறுவர். அச்சமே விளையாட்டாகும் இரவு அது. அவ்விரவில் முகமூடி அணிந்த உண்மைக் கொலைஞன் ஒருவன் ஊருக்குள் நுழைந்தால் என்னாகும் என்பதே 1978-இல் ஜான் கார்பென்டர் எடுத்த 'ஹாலோவீன்' படத்தின் கதை.

ஏறக்குறைய 3 லட்சம் டாலர் செலவில் எடுக்கப்பட்ட சிறு படம் அது. வாத்தியக் குழுவை அமர்த்தப் பணமில்லை. ஆகவே இயக்குநரே இசையும் அமைத்தார். இசை சேர்ப்பதற்கு முன் படத்தைப் பார்த்த ஒரு படநிறுவன அலுவலர் தமக்குச் சிறிதும் அச்சம் தோன்றவில்லை என்று கூறிவிட்டார். இசையால்தான் இதனைக் காக்க வேண்டும் என்று கார்பென்டர் துணிந்தார். அவர் தந்தை கென்டக்கியில் இசைப் பேராசிரியர். மகனுடைய இளமையில் பாங்கோ என்னும் இரட்டை முழவில் ஐந்தெண்ணிக்கைத் தாளம் ஒன்றை அவர் கற்றுக்கொடுத்திருந்தார். அந்தத் தாளத்தைப் பியானோவுக்கு மாற்றியதே 'ஹாலோவீன்' இசை.

அதனை நம் சொற்கட்டால் எளிதில் சொல்லிவிடலாம்: தகிட, தகிட, தக, தக. பத்து மாத்திரைகள், அதாவது இரண்டு ஐந்துகள். இச்சொற்கட்டு ஓய்வின்றிச் சுழன்று, சற்றே தாழ்ந்த சுரத்துக்கு இறங்கி, மீண்டும் சுழல்கிறது. மேனாட்டுப் பாட்டிலும் நடனத்திலும் பெருவழக்காய் இருப்பவை நான்கும் மூன்றும். நான்கு படிகள் கொண்ட மாடியில் நாள்தோறும் ஏறி இறங்கியவர், இருட்டில் ஐந்தாவது படி ஒன்றை மிதித்தால் எவ்வாறு தடுமாறுவாரோ, அவ்வாறே அச்செவிகள் தடுமாறின.

நம் செவிக்கோ ஐந்து புதிதன்று. கண்ட சாபுத் தாளத்தைக் குழந்தைகளும் கையால் போடுவர். அதில் அமைந்த கீர்த்தனைகள் பக்தியும் உவகையும் ததும்பப் பாடப்படுகின்றன. ஆகவே ஐந்து என்னும் எண்ணிக்கைக்குள் அச்சம் ஒளிந்திருக்கவில்லை. கேட்பவரின் பழக்கமே அதற்கு அச்சத்தின் உருவைத் தருகிறது. கருநாடக இசை கற்ற ஒருவர் அப்படத்தைப் பார்த்து நடுங்கினால், அதற்குக் காரணம் தாளத்தின் விலகல் அன்று. எங்கும் தங்காமல், முடிவு காட்டாமல், கொலைஞனின் நடையைப் போல மாறாது வந்துகொண்டே இருக்கும் அந்தச் சுழற்சியே.

இதுகாறும் கண்ட படங்களில் இசை கதைக்கு வெளியே நிற்கிறது. 'எம்' ஒன்றே விலக்கு. சுறாவின் இசையைக் கடலில் நீந்துவோர் கேட்பதில்லை, நாம்தாம் கேட்கிறோம். நம் நாட்டுப் படங்களில் இந்நிலை மாறுகிறது. இங்கு ஆவியே பாடுகிறது. கதைமாந்தரும் அதனைக் கேட்கின்றனர். இம்மரபு வலுப்பெற்றதைக் காண, காலத்தில் சற்றுப் பின்னோக்கி 1949-க்குச் செல்ல வேண்டும்.

அவ்வாண்டில் பாம்பே டாக்கீஸ் நிறுவனத்தார் வெளியிட்ட 'மஹல்' என்னும் இந்திப் படத்தைக் கமால் அம்ரோஹி இயக்கினார். அசோக் குமாரும் மதுபாலாவும் நடித்தனர். பாழடைந்த மாளிகை ஒன்றுக்கு வரும் இளைஞன், நள்ளிரவில் ஒரு பெண்ணின் பாடலைக் கேட்கிறான். குரலைத் தேடிச் செல்கிறான். உருவம் தோன்றித் தோன்றி மறைகிறது. அப்பாடலுக்கு இசையமைத்தவர் கேம்சந்த் பிரகாஷ். பாடியவர் அப்போது இருபது வயதளவினரான லதா மங்கேஷ்கர். குரல் தொலைவிலிருந்து நெருங்கி வருவதுபோல் ஒலிக்க வேண்டும். அக்காலத்து ஒலிப்பதிவில் அதற்குத் தந்திரக் கருவிகள் இல்லை. ஒலிவாங்கியை அறையின் நடுவில் வைத்துவிட்டு, லதா தொலைவில் நின்று பாடத் தொடங்கி, பாடிக்கொண்டே மெல்ல நடந்து அதனை அணுகினார். பிற்காலத்தில் பேட்டிகளில் அவரே இதனை நினைவுகூர்ந்திருக்கிறார்.

அதன்பின் நிகழ்ந்தது வானொலியோடு தொடர்புடையது. இசைத்தட்டில் பாடியவர் பெயர் 'காமினி' என்று அச்சிடப்பட்டிருந்தது. அது படத்தில் வரும் பெண்ணின் பெயர். பின்னணிப் பாடகர் பெயரைத் தட்டில் பொறிக்கும் வழக்கம் அந்நாளில் உறுதிப்பட்டிருக்கவில்லை. பாடல் வானொலியில் ஒலித்தவுடன், பாடியவர் யார் என்று கேட்டுக் கடிதங்கள் குவிந்தன. வானொலியார் இசைத்தட்டு நிறுவனத்தாரிடம் கேட்டறிந்து, லதாவின் பெயரை அறிவித்தனர். உருவற்ற குரலாய்ப் படத்தில் உலவிய ஒன்று, பெயரற்ற குரலாய் நாடெங்கும் உலவி, நேயர்களின் கேள்வியால் தன் பெயரைப் பெற்றது. பாடுவோரின் உழைப்பு அவர்தம் பெயரோடு வெளிவர வேண்டும் என்னும் உணர்வு வளர்வதற்கு இத்தகைய கேள்விகள் உதவின.

மேனாட்டு அச்ச இசை, ஓடு, என்று எச்சரிக்கிறது. நம் நாட்டு ஆவிப் பாடல், வா, என்று அழைக்கிறது. இனிமைக்கும் அன்புக்கும் பழகிய பெண்குரல், இருக்கத்தகாத இடத்திலிருந்து, இருக்கத்தகாத வேளையில் வருகிறது. சுரமும் தாளமும் பழையனவே. இடமும் வேளையுமே பழக்கத்தைக் கலைக்கின்றன. 1962-இல் 'பீஸ் சால் பாத்' படத்துக்கு ஹேமந்த் குமார் அமைத்த இத்தகைய பாடலுக்காக லதா ஃபிலிம்ஃபேர் பரிசு பெற்றார்.

1964-இல் ராஜ் கோஸ்லா இயக்கிய 'வோ கௌன் தீ' படத்தில், மழை பெய்யும் இரவில் ஒரு மருத்துவர் வழியில் நின்ற பெண் ஒருத்தியைத் தம் காரில் ஏற்றிக்கொள்கிறார். அவள் மயானத்தருகே இறங்கி மறைகிறாள். பின்னர் அவர் மணக்கும் பெண்ணுக்கும் அதே முகம். மதன் மோகன் இசையில் லதா பாடிய பாடல் அப்பெண்ணோடு கூடவே வருகிறது. 1966-இல் இக்கதை தமிழில் 'யார் நீ' என்று ஜெய்சங்கரும் ஜெயலலிதாவும் நடிக்க வெளிவந்தது. இசையமைப்பாளர் வேதா, இந்தி மெட்டையே தமிழுக்குக் கொண்டுவந்தார், பி. சுசீலா பாடினார்.

பிற மாநிலங்களில் வாழும் தமிழர்க்கு இவ்விரு பாடல்களும் ஒரு தனி அனுபவத்தைத் தரக்கூடும். மும்பையிலோ தில்லியிலோ அண்டை வீட்டு வானொலியில் இந்திப் பாடலைக் கேட்டு வளர்ந்தவர், விடுமுறைக்கு ஊர் சென்றபோது தமிழ்ப் பாடலைக் கேட்டிருக்கலாம். அல்லது தமிழ்ப் பாடலை முன்னரே அறிந்தவர், பிழைப்புக்காக வடக்கே வந்த பின் இந்திப் பாடலை முதன்முதலாகக் கேட்டிருக்கலாம். எவ்வாறாயினும், மொழி இன்னதென்று விளங்குமுன், இதனை எங்கோ கேட்டிருக்கிறேனே என்று செவி திடுக்கிடும். முன்பு கண்ட முகத்தைத் தாம் மணந்த பெண்ணிடம் மீண்டும் கண்ட அம்மருத்துவரின் திடுக்கீடும் அதுதான். கதையில் அவர் கண்ணுக்கு நேர்வது, இரு மொழி அறிந்த நேயரின் காதுக்கு நேர்கிறது. ஓரிடத்திலேயே வாழ்ந்தவரின் செவிக்கு இவ்வின்பம் எளிதில் கிட்டாது.

அடுத்த முறை இத்தகைய படம் ஒன்றைப் பார்க்க நேரும்போது, அச்சம் மிகும் இடத்தில் கண்ணை மூடிக்கொள்வது வழக்கமானால், அவ்வாறே மூடிக்கொள்ளுங்கள். எந்தக் கருவி ஒலிக்கிறது, எத்தனை எண்ணிக்கையில் சுழல்கிறது, எந்த இடத்தில் நின்றுவிடுகிறது என்று மட்டும் கவனியுங்கள். இரண்டு சுரங்களையும், தணித்து வாசித்த சில வயலின்களையும், நடந்துகொண்டே பாடிய ஒரு குரலையும் கொண்டு கலைஞர்கள் செய்து முடித்த காரியம் அப்போது விளங்கும். அச்சம் சிறிது குறையவும் கூடும். இசை நின்றுவிட்ட பின்பு மட்டும் சற்று எச்சரிக்கையாய் இருப்பது நல்லது.